கம்பங்கூழும் காகிதக்கூழும்

எட்டு வயது வரைக்கும் கம்பங்கூழ் என்றால் கம்பத்தில் காய்ச்சுகிற கூழ் என்றுதான் நினைத்திருந்தேன். சின்னமனூரில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கம்பு மூட்டை அம்மாச்சி ஊரான கம்பத்திலிருந்துதான் வரும். மூட்டையைப் பிரித்த மறுநாள் கம்பை இடிப்பார்கள். அதற்கு அடுத்த நாள் காலையில் மோர் ஊற்றிக் கரைத்த கூழ் கும்பாவில் இருக்கும். ஊர்ப் பெயரும் கூழின் பெயரும் ஒன்றாக இருக்கும்போது ஒரு பிள்ளைக்கு வேறெப்படித் தோன்றும்? பிறகு தமிழாசிரியர் ஒருவர், பனையும் காயும் சேர்ந்தால் பனங்காய் ஆவதைப் பலகையில் எழுதிக் காட்டினார். நடுவில் வந்து உட்காரும் 'அம்' ஒரு சாரியை என்றார். கம்பு, அம், கூழ் என்று நானே பிரித்துப் பார்த்துக்கொண்டேன். கம்பம் என்ற ஊர்ப் பெயருக்குக் கம்பராயப் பெருமாள் கோயிலைக் காட்டுவார்கள். தானியத்துக்கும் ஊருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அந்தச் சொல்லின் முன்பாதி அன்றைக்கே தெளிந்துவிட்டது. பின்பாதியை நான் திரும்பிப் பார்க்க நாற்பது வருடம் ஆனது. பார்க்க வைத்தவன் அக்கா மகன். பெரியகுளம் பக்கம் பழம் பதப்படுத்துகிற ஒரு சின்னக் கூடத்தில் வேலை பார்க்கிறான். ஒரு நாள் சாயங்காலம் போனில் கூப்பிட்டான்.

"மாமா, டின்னுல ஒட்டுற லேபிளுக்குத் தமிழ்ல எழுதணும். பல்ப்புக்கு என்ன போடட்டும்?"

"எதோட பல்ப்புடா?"

"மாம்பழம் ஒண்ணு, புளி ஒண்ணு. அப்புறம் மலையில காப்பி பல்ப்பைக் காயவச்சு உரமாக் குடுக்குறாங்க, அந்தச் சாக்குக்கும் அச்சடிக்கணும்."

"கூழ்னு போடு."

"கூழா? அது குடிக்கிறதுல்ல மாமா. புளிக்கூழ்னு எழுதுனா யாரு வாங்குவா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அவன் கேட்டது ஒரு சொல். ஆனால் அவன் கையில் இருந்தவை மூன்று பொருட்கள். மாம்பழத்தில் பல்ப் என்பது நாம் தின்கிற பகுதி. புளியிலும் அப்படித்தான். காப்பியில் பல்ப் என்பது தூக்கி எறிகிற பகுதி. ஒரே சொல் ஓரிடத்தில் எடுத்துக்கொள்வதையும் இன்னோரிடத்தில் தள்ளிவிடுவதையும் குறிக்கிறது என்றால், அந்தச் சொல் பொருளின் பயனைப் பார்த்து வைத்த பெயராக இருக்க முடியாது. அன்றிரவு அகராதிகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

லத்தீனில் 'புல்பா' என்றால் முதலில் உடம்பின் சதை. எலும்பில்லாத, மெத்தென்ற இறைச்சிப் பகுதி. அங்கிருந்துதான் அது பழத்தின் சதைக்கும் மரத்தண்டின் உள்ளிருக்கும் மென்மையான பகுதிக்கும் போனது. இத்தாலிக்காரர்கள் இறைச்சி உருண்டையைப் 'போல்பெட்டா' என்கிறார்கள். கெண்டைக்கால் சதைக்கு அவர்கள் வைத்த பெயர் 'போல்பாச்சோ'. ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது பல்ப் அந்தச் சதை நினைவோடுதான் நுழைந்தது. பிறகு மெத்தென்று, ஈரமாக, உருவமில்லாமல் இருக்கிற எதையும் அந்தப் பெயரால் அழைக்கத் தொடங்கினார்கள். காகிதம் செய்ய அரைத்த கந்தல் பல்ப். பல்லுக்குள் நரம்பும் இரத்தமும் ஓடுகிற இடம் பல்ப். ஒருவனை அடித்து நொறுக்கினாலும் பல்ப். தொட்டால் அமுங்குவதுதான் அந்தச் சொல்லுக்கு வேண்டியதெல்லாம்.

நாமும் பழத்தின் உள்ளிருப்பதைச் சதை என்கிறோம். பெரியகுளத்து மாந்தோப்புகளில் காசாலட்டையோ கல்லாமையையோ அறுத்தால், கொட்டையின் இரு பக்கமும் விழுகிற துண்டுக்குக் கதுப்பு என்று பெயர். கதுப்பு என்றால் கன்னம். மாம்பழத்துக்கு இரண்டு கன்னம் இருக்கிறது என்று கண்ட கண்ணை நான் வியக்கிறேன். ஆனால் தமிழ் அந்த உடல் உவமையோடு நிற்கவில்லை. செடியின் உள்மென்மைக்கு அது இன்னொரு பெயரும் வைத்தது: சோறு. கற்றாழையைக் கீறினால் உள்ளே வழவழவென்று இருப்பது கற்றாழைச் சோறு. அதனால்தான் அந்தச் செடிக்கே சோற்றுக் கற்றாழை என்று பெயர். பனைமரத்தின் உள்ளே மெத்தென்று இருப்பது பனஞ்சோறு. லத்தீன்காரன் செடிக்குள் இறைச்சியைக் கண்டான். தமிழன் கண்டது உணவை. பல்ப் என்ற சொல்லுக்கு எதிரே கூழ் என்ற சொல் ஏன் இவ்வளவு இயல்பாக வந்து நின்றது என்பதற்கு இங்கேதான் விடை இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. சோறு செடிக்குள் போனதைப் போலக் கூழும் பழத்துக்குள் போயிருக்கிறது.

அதைச் சொல்லுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் ஊர்க்காரர்கள் எல்லாப் பழத்துக்கும் ஒரே பெயரைச் சொல்கிறவர்கள் இல்லை. பலாவிலும் ஆரஞ்சிலும் இருப்பது சுளை. இளநீரில் வழித்துத் தின்பது வழுக்கை. முருங்கைக்காயைக் கீறி நகத்தால் வழிக்கும்போது வருவது சதை. எங்கள் தேனி மாவட்டத்தில் முருங்கையைச் சொல்லாமல் தாண்ட முடியாது. உலகம் முழுக்கப் பரவிய பி.கே.எம். 1 முருங்கை பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது. யாழ்ப்பாணத்தில் பனம்பழத்தைப் பிசைந்து எடுப்பதைப் பனங்களி என்பார்கள். அதைப் பாயில் ஊற்றிக் காயவைத்தால் பனாட்டு. அளவுக்கு மீறிக் கனிந்து குழகுழத்துப் போன பழத்துக்கு அளியல் என்றொரு சொல் இருப்பதைத் தேவநேயப் பாவாணரின் 'தமிழ்ச் சொல்வளம்' கட்டுரையைப் பள்ளியில் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆங்கிலம் தொட்டுப் பார்த்துப் பெயர் வைக்கிறது. நாம் எப்படி எடுக்கிறோம், எப்படித் தின்கிறோம் என்று பார்த்துப் பெயர் வைத்திருக்கிறோம். பிரிப்பது சுளை, வழிப்பது வழுக்கை, பிசைவது களி.

புளிக்கு மட்டும் எந்தப் பெயரும் வைக்கவில்லை. வைக்கத் தேவைப்படவில்லை. சுவைக்குப் பெயர் புளி. மரத்துக்குப் பெயர் புளி. உள்ளே இருக்கிற சதைக்கும் பெயர் புளி. தேவை இல்லாததற்குத்தான் தனித்தனிப் பெயர்: ஓடு, நார், கொட்டை. மாசி பிறந்தால் தேனியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீட்டு வாசல்களில் பழம் காய்வதைப் பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த பழத்தைக் கையில் எடுத்துக் குலுக்கினால், ஓட்டுக்குள் சதை சுருங்கித் தனியே ஆடுகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால்தான் உடைக்க உட்காருவார்கள். கட்டையால் ஒரு தட்டு. ஓடு பொலபொலவென்று உதிரும். முதுகில் ஓடுகிற நாரைக் காம்போடு பிடித்து ஒரே இழுப்பில் உருவ வேண்டும். அறுந்தால் வேலை இரண்டாகும். பிறகு கொட்டை. கல்லின் மேல் வைத்துச் சுத்தியால் பக்கவாட்டில் ஒரு அடி கொடுத்தால் சதை பிளந்து கொட்டை துள்ளி வெளியே விழும். நாள் முழுக்கப் புளியில் கிடந்த விரல் நுனிகள் வெளுத்துத் தோல் உரிந்து போகும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. கடையில் நாம் கேட்பது கொட்டைப் புளியா, கொட்டை எடுத்த புளியா என்பதுதான். அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருக்கிற விலை வித்தியாசம் அந்த விரல்களுடையது.

பெரியகுளம் ஆராய்ச்சி நிலையம் புளியிலும் பி.கே.எம். 1 என்றொரு ரகம் தந்திருக்கிறது. பக்கத்தில் உள்ள எண்டப்புளி என்ற ஊரின் நாட்டுப்புளியிலிருந்து தேர்ந்தெடுத்தது. ஊர்ப் பெயரிலேயே புளி நிற்கிறது. ரகங்களை ஒப்பிடும்போது ஆய்வாளர்கள் பார்க்கிற ஒரு கணக்கு, பழத்தின் எடையில் பல்ப் எத்தனை விழுக்காடு என்பது. வாசலில் உட்கார்ந்து உடைக்கிற பெண்களும் அதே கணக்கைத்தான் பார்க்கிறார்கள். "இந்த மரத்துக் காயில புளி நிக்கும்" என்பார்கள். புளி நிற்பது என்றால் ஓடும் கொட்டையும் போக மிச்சம் இருப்பது. ஆய்வறிக்கையின் சொல்லை விட இது எனக்கு நெருக்கமாக இருக்கிறது.

காப்பிக்கு வருகிறேன். குரங்கணி, அகமலைப் பக்கத்து மலைத்தோட்டங்களில் பல்ப் என்ற சொல் 'பல்பர்' என்ற இயந்திரத்தின் பெயராகத்தான் மக்கள் வாயில் இருக்கிறது. சிவந்து கனிந்த பழத்தைத் தண்ணீரோடு அதில் கொட்டினால், சொரசொரப்பான தகடு சுழன்று தோலையும் சதையையும் பிதுக்கி ஒரு பக்கம் தள்ளும். கொட்டை இன்னொரு பக்கம் ஓடும். அந்தக் கொட்டையில் இன்னும் வழவழப்பு ஒட்டியிருக்கும். தொட்டியில் ஒரு நாளுக்கு மேல் புளிக்க விட்டுக் கழுவி, தளத்தில் காயவைப்பார்கள். தள்ளப்பட்ட சிவப்புக் குவியலில் இனிப்பு உண்டு. அப்படியே ஓடையில் விட்டால் அது அழுகித் தண்ணீரின் உயிரை எடுக்கும், மக்கவைத்தால் நல்ல உரமாகும். பழத்துக்காக மாமரத்தை வளர்க்கிறவன் கொட்டையை எறிகிறான். கொட்டைக்காகக் காப்பியை வளர்க்கிறவன் பழத்தை எறிகிறான். இரண்டுக்கும் கூழ் என்று எழுதச் சொன்ன என் பதில் அவசரப் பதில் என்பது அந்த இரவிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கூழ் என்றால் வயிற்றுக்குப் போவது. எறிவதை அந்தப் பெயரால் அழைக்கக் கூடாது.

கூழ் அப்படியொரு பெரிய சொல்லாக இருந்திருக்கிறது. இன்றைக்குக் கூழ் என்றவுடன் நமக்குத் தோன்றுவது கேப்பையோ கம்போ கரைத்த கலயம். திருக்குறளைத் திறந்தால் காட்சி மாறும். 64-ஆம் குறளில் குழந்தையின் சின்னக் கை துழாவிய உணவுக்குக் கூழ் என்று பெயர். அதை வெறும் உணவு என்று எடுத்துக்கொள்ளலாம். 381-ஆம் குறள், அரசனுக்கு வேண்டிய ஆறில் படை, குடி ஆகியவற்றுக்கு அடுத்ததாகக் கூழை வைக்கிறது. அங்கே அதற்குப் பொருள், செல்வம் என்று உரை சொல்கிறார்கள். 554-ஆம் குறளில் கோல் கோணிய அரசு இழக்கிற இரண்டில் ஒன்று கூழ். 550-ஆம் குறளில் வருவது பைங்கூழ்: வயலில் பச்சையாக நிற்கிற பயிர், களை எடுக்க வேண்டிய பயிர். ஆக வயலில் நிற்பதும் கூழ், களஞ்சியத்தில் கிடப்பதும் கூழ், பிள்ளையின் கையில் இருப்பதும் கூழ். பயிர் முளைத்த இடத்திலிருந்து வாய் வரைக்கும் ஒரே சொல் கூடவே வருகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இத்தனை பொருளையும் ஒரே தலைச்சொல்லின் கீழ்தான் அடுக்கியிருக்கிறது.

இதற்குச் சாட்சி தேட எனக்கு நூலகம் போகத் தேவையில்லை. கம்பம் பள்ளத்தாக்கில் வீட்டுக்குள் கன்னடம் பேசுகிறவர்களும் தெலுங்கு பேசுகிறவர்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். குமுளிக் கணவாயைத் தாண்டினால் மலையாளம். கன்னடத்தில் கூளு என்றால் சாப்பாடு, சோறு. தெலுங்கில் கூடு என்றாலும் சாப்பாடுதான். வயிற்றுப்பாட்டுக்குக் கூடு என்று தெலுங்கில் சொல்வதை உத்தமபாளையம் சந்தையில் என் காதால் கேட்டிருக்கிறேன். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் ஒரே சொல், ழகரம் மட்டும் ளகரமாகவும் டகரமாகவும் உருமாறியிருக்கிறது. கூழ் என்பது கரைத்த கேப்பை மட்டும்தான் என்றால் இந்த உறவு விளங்காது. உணவு என்ற பொருளே பழையது. கரைத்துக் குடிப்பது என்று சுருங்கியது பின்னால்.

ஏன் சுருங்கியது? நெல் பெருகிய இடத்தில் கூழ் கீழே இறங்கியது என்று நினைக்கிறேன். எங்கள் பள்ளத்தாக்கில் அந்த இறக்கத்தைத் தாத்தாமார் தலைமுறையின் பேச்சிலேயே கேட்க முடிந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகுதான் முல்லைப் பெரியாறு அணைத் திட்டம் உயிர்பெற்றது. பென்னிகுவிக் கட்டிய அந்த அணையின் தண்ணீர் 1895-இல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே இறங்கியது. இன்றைக்கு லோயர் கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. வாய்க்கால் ஓடிய இடமெல்லாம் நெல்லுச்சோறு. வாய்க்கால் எட்டாத மானாவாரிக் காடுகளில் கம்பும் கேப்பையும் சோளமும். ஒரே தாலுகாவில் தண்ணீர் பாய்கிற எல்லைதான் சோறு சாப்பிடுகிறவருக்கும் கூழ் குடிக்கிறவருக்கும் எல்லையாக இருந்தது. கூழானாலும் குளித்துக் குடி என்ற பழமொழியில் வரும் அந்த 'ஆனாலும்', கூழ் எவ்வளவு இறங்கிவிட்டது என்பதைக் காட்டுகிறது. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பதிலும் கூழ் ஏழையின் கலயத்தில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் அரசனின் செல்வத்துக்குப் பெயராக இருந்த சொல் இது என்பதை அந்தப் பழமொழிகளைச் சொல்லும் நாக்குகள் மறந்துவிட்டன. சொல் தாழ்ந்துவிட்டது என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாருடைய உணவாக அது மிஞ்சியதோ அவர்களைத் தாழ்த்திப் பார்த்த பார்வை சொல்லின் மேலும் படிந்திருக்கிறது.

அக்கா மகனின் கேள்விக்கு இன்னும் பதில் பாக்கி. குடிக்கிற கூழ் எப்படிப் பழத்துக்குள் போகும்? மொழிபெயர்ப்பாளர்கள் ஒட்டவைத்ததா? அதற்கும் சாட்சி குமுளிக் கணவாய் வழியாகவே இறங்கி வருகிறது. பலாக்காலத்தில் கேரளப் பக்கத்திலிருந்து வருகிற பழத்தில் இரண்டு சாதி உண்டு. சுளை கெட்டியாக, கடித்தால் நறுக்கென்று இருப்பது வருக்கை. சுளை கொழகொழவென்று வாய்க்குள் வழுக்கிக்கொண்டு போவதை மலையாளத்தில் கூழச்சக்கை என்பார்கள். நம் நாஞ்சில் நாட்டிலும் அது கூழன் சக்கைதான். கூழன் என்ற சொல் தமிழ்ப் பேரகராதியிலும் இருக்கிறது. இந்தப் பெயரை வைத்தவர்களுக்குப் பல்ப் என்ற சொல் தெரியாது. பழத்தின் உள்ளிருப்பது கூழாக இருக்கிறது என்று அவர்கள் தம் கலயத்தை நினைத்துத்தான் சொன்னார்கள். இன்றைக்குக் கிருஷ்ணகிரிச் செய்திகளில் தினமும் அடிபடுகிற 'மாங்கூழ்' என்ற சொல்லுக்கு இந்தப் பலாதான் மூத்தது. மாங்கூழ் ஆலை, மாங்கூழ் ஏற்றுமதி, மாங்கூழுக்கான கொள்முதல் விலை என்று விவசாயிகளே பேசுகிறார்கள். பேசுகிறவன் வாயில் உறுத்தாமல் நிற்கிற சொல்லுக்கு வேறு சான்றிதழ் தேவையில்லை.

காகிதக்கூழும் அப்படித்தான். அந்தச் சொல்லைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே அந்தப் பொருளை நான் கையால் தொட்டிருக்கிறேன். எங்கள் அப்பத்தா காகிதக் கூடை செய்வாள். முழுப் பரீட்சை முடிந்த மறுநாளே எங்கள் நோட்டுகள் அவளுக்குப் போய்விடும். அட்டையைக் கிழித்து எறிந்துவிட்டுத் தாளையெல்லாம் அண்டாத் தண்ணீரில் மூன்று நாள் ஊறப்போடுவாள். மை கரைந்து தண்ணீர் நீலமாக நிற்கும். தனியே ஒரு சட்டியில் வெந்தயம் ஊறும். பிறகு இரண்டையும் ஆட்டுரலில் போட்டு ஆட்டுவாள். காலையில் மாவு ஆட்டிய அதே உரல். குழவியைச் சுற்றிக்கொண்டே என்னைத் தள்ளிவிடச் சொல்வாள். விளிம்பில் ஏறிக்கொண்ட தாளை நான் விரலால் உள்ளே தள்ளுவேன். வெந்தயத்தின் கசப்பு மணமும் நனைந்த தாளின் மணமும் சேர்ந்து வரும். "தாளு நல்லாக் கூழாயிருச்சா பாரு" என்பாள். நான் ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்ப்பேன். எழுத்து தெரியக் கூடாது. திப்பி தட்டக் கூடாது. தட்டினால் இன்னும் நாலு சுற்று. பதம் வந்ததும் குண்டானைக் கவிழ்த்து ஈரத்துணி போட்டு, மேலே கைகையாக அப்பி, உள்ளங்கையால் தட்டித் தட்டி ஒரே கனத்துக்குக் கொண்டுவருவாள். நிழலில் காய வேண்டும். வெயிலில் வைத்தால் வெடிக்கும். இரண்டு மூன்று நாளில் தட்டினால் ஓசை வரும், அப்போது குண்டானிலிருந்து கழற்றுவாள். புளியங்கொட்டையை வறுத்து இடித்துக் காய்ச்சிய பசையால் வெளியே சினிமா நோட்டீஸ் ஒட்டுவதும் உண்டு. வெந்தயம் சேர்வதால் பூச்சி அரிக்காது. அக்கா வீட்டுப் பரணில் அதில் ஒரு கூடை வற்றல் மிளகாயோடு இப்போதும் இருக்கிறது.

காகித ஆலையில் நடப்பதற்கும் அந்த ஆட்டுரலுக்கும் கொள்கையில் பேதமில்லை. நாரைத் தண்ணீரில் பிரித்து, உருவத்தைக் குலைத்து, வேறொரு உருவத்தில் மறுபடி ஒட்டவைப்பது. ஐரோப்பா நெடுங்காலம் கந்தல் துணியைத்தான் அரைத்தது. கந்தல் போதாமல் போனபோது, 1840-களில் ஜெர்மனியில் கெல்லரும் கனடாவில் ஃபெனர்டியும் மரத்தை அரைத்துக் காகிதம் செய்யலாம் என்று காட்டினார்கள். மரக்கூழ் வந்த பிறகு தாள் மலிந்தது. மலிவுக்கு ஒரு விலையும் இருந்தது. அரைத்த மரத்தில் லிக்னின் அப்படியே தங்கிவிடுவதால் தாள் சீக்கிரம் மஞ்சளாகி முறியும். நம் மாநிலம் வேறு வழியில் போனது. 1979-இல் தொடங்கப்பட்டு 1984-இல் உற்பத்திக்கு வந்த தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் அருகே புகழூரில் கரும்புச் சக்கையிலிருந்து கூழ் எடுத்தது. ஆலை இருக்கிற ஊருக்கே காகிதபுரம் என்று பெயர் வந்தது. சாறு பிழிந்தபின் மிஞ்சுவதைத்தான் சக்கை என்கிறோம், ஒன்றுக்கும் ஆகாததையும் சக்கை என்கிறோம். அந்தச் சக்கை கூழாகிப் பாடப்புத்தகம் ஆகிறது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

அந்த மலிவான மரக்கூழ்த் தாளிலிருந்துதான் ஆங்கிலத்தில் பல்ப் என்ற சொல் கதைக்குள் போனது. 1896-இல் அமெரிக்காவில் 'ஆர்கஸி' இதழ் மரக்கூழ்த் தாளில் முழுக்க முழுக்கக் கதைகளாக வந்தது. அதைப் பார்த்துப் பல இதழ்கள் பெருகின. தாளின் பெயர் இதழுக்கும், இதழின் பெயர் அதில் வந்த துப்பறியும் கதைக்கும் பேய்க் கதைக்கும் ஒட்டிக்கொண்டது. 1994-இல் வந்த டரான்டினோவின் 'பல்ப் ஃபிக்ஷன்' படம் இந்தச் சொல்லின் அகராதிப் பொருளைத் திரையில் எழுதிக் காட்டிவிட்டுத்தான் தொடங்கும். 2008-இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் ராஜேஷ்குமார், சுபா, பட்டுக்கோட்டை பிரபாகர், ரமணிசந்திரன் போன்றவர்களின் கதைகளை ப்ரீதம் சக்கரவர்த்தியின் ஆங்கிலத்தில் 'தமிழ் பல்ப் ஃபிக்ஷன்' என்ற பெயரில் தொகுத்தது. அந்தத் தொகுப்பு வரும்வரை இங்கே யாரும் அவற்றைப் பல்ப் என்று சொல்லி நான் கேட்டதில்லை. தேனிப் பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய அவற்றுக்கு மாத நாவல், பாக்கெட் நாவல் என்றுதான் பெயர். எத்தனை நாளுக்கு ஒன்று, எங்கே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்கிற பெயர்கள் அவை. தாளைப் பழிக்க வேண்டுமென்றால் 'சாணித்தாள்' என்போம். அந்தப் பழி தாளோடு நின்றது, கதையின் மேல் ஏறவில்லை. போடி மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகிற ஜீப்பில் அந்த நாவலை மாறி மாறிப் படித்துக்கொண்டு போன பெண்களை எனக்குத் தெரியும். பள்ளியை ஐந்தாம் வகுப்போடு விட்டவர்கள். எழுத்தை மறக்காமல் அவர்களை வைத்திருந்தது அந்தச் சாணித்தாள்தான். அதைக் 'கூழ் இலக்கியம்' என்று யாராவது மொழிபெயர்த்தால் நான் மறுப்பேன். மக்கள் ஏற்கெனவே வைத்த பெயர் இருக்கும்போது இன்னொன்று எதற்கு?

ஆனால் புத்தகத்தைக் கூழாக்குவது என்று சொன்னால் எனக்குச் சம்மதமே, சொல்லளவில். விற்காத பிரதியும், திருத்தி முடித்த விடைத்தாளும் ஆலைக்குப் போய்க் கூழாவது இயல்பு. இந்து மதத்தைப் பற்றி வெண்டி டோனிகர் எழுதிய நூலை 2014 பிப்ரவரியில் பென்குவின் இந்தியா நிறுவனம் திரும்பப் பெற்றுக் கூழாக்க ஒப்புக்கொண்டபோது அந்த வினைச்சொல் எனக்கு வேறுவிதமாகக் கேட்டது. எழுத்து தெரியாத வரைக்கும் அரைக்கச் சொன்ன அப்பத்தாவின் உரல் நினைவுக்கு வந்து, அன்றைக்கு முழுக்க மனது சரியில்லை.

பல் மருத்துவர்கள் சொல்கிற பற்கூழும் நல்ல சொல்தான், வேர் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அது எவ்வளவு உயிருள்ள கூழ் என்று தெரியும். பல்ப் என்று எழுதுவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் எழுத்தில் பகரம் ஒன்றுதான். மாம்பழ பல்ப்பும் விளக்கு பல்ப்பும் தாளில் ஒன்றாகவே நிற்கும்.

ஒரு வாரம் கழித்து அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். மாம்பழத்துக்கு மாங்கூழ். புளிக்குக் கூழ் வேண்டாம், கொட்டை எடுத்த புளி என்று போடு, வாங்குகிறவர்கள் அப்படித்தான் கேட்கிறார்கள். காப்பிச் சாக்குக்குக் காப்பிப்பழத் தோல் உரம்.

"அப்ப பல்ப்புங்கிற சொல்லு எங்கயுமே வரலையே மாமா" என்றான்.

"மூணும் வேற வேற சாமான்டா."

சித்திரையில் வீட்டுக்கு வந்தபோது டின் ஒன்று கொண்டுவந்தான். முன்பக்கம் பெரிய எழுத்தில் மாங்கூழ். கடைக்காரர்கள் கேட்டார்கள் என்று கீழே சின்னதாக மேங்கோ பல்ப் என்றும் அச்சிட்டிருந்தான். அதை எடுக்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. அக்கா டின்னைத் திறந்து, கூழ் கரைக்கிற அதே கும்பாவில் ஊற்றினாள்.